கடைசிக்கு முதல் பெயர்

வேட்புமனு முடிய இன்னும் இரண்டு நாள்.
சிவலோகன் சேரின் த்ரீவீல்
குழாயடி வரைக்கும்தான் வந்தது.
அதற்கப்பால் எங்கள் தோட்டம்.
ஒரு செடி கிடையாது, ஆனாலும் தோட்டம்.
நூற்றுப்பதினாறு கதவு, எட்டு கக்கூஸ்.

போன வருஷம் அளக்க வந்தவர்கள்
எல்லைக்கோட்டை வாய்க்காலோடு இழுத்துவிட்டுப் போனார்கள்.
இப்போது குழாய் ஒரு வட்டாரம்,
கக்கூஸ் இன்னொரு வட்டாரம்.
குடிக்கிற தண்ணீருக்கு ஓர் ஆளையும்
மற்றதுக்கு வேறோர் ஆளையும்
கும்பிட வேண்டும்.
"நடுச்சாமத்தில் வயிறு கலக்கினா
பாஸ்போட் எடுத்துக்கிட்டுப் போகணும்"
என்றார் என் வீட்டுக்காரர் சுடலை.

சேர் கைக்குட்டையை எடுத்துக்
கதிரையைத் துடைத்தார்.
வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான்.
காலையில் டிலுக்‌ஷி கழுவி வைத்தது,
கால்களில் இன்னும் ஈரம்.

"பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தஞ்சு, அக்கா. சட்டம்.
லிஸ்டில ஒரு பேர் குறையுது.
பேர் மட்டும் போதும்.
நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

ஒண்டும் செய்யத் தேவையில்லை.
இத்தனை வயதுக்கு என்னிடம் யாரும்
இப்படிச் சொன்னதில்லை.
ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிறு இரவு சங்கரன்கோவிலிலிருந்து
தங்கப்பழம் போன் பேசினான்.
"இந்தத் தடவையும் தனித்தொகுதிதான், மதினி.
எந்தக் கட்சின்னாலும்
நம்மள மாதிரி ஆளுதான் நிக்கணும்."
ஜெயிச்சா வீட்டுக்குள்ள விடுவாங்களா, என்று கேட்டேன்.
லைன் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டு கிடந்தது.
"சட்டசபைக்குள்ள விடுவாங்க" என்றான்.

இதை சேரிடம் சொன்னேன்.
"ஐயோ அக்கா, அது இந்தியா.
கொழும்பில ஆர் சாதி பாக்கினம்?"
அவர் முன்னால் வைத்த தேத்தண்ணீர்
ஆடை கட்டி, ஆடை சுருங்கி,
ஓர் எறும்புக்கு அகப்பட்டிருந்தது.

விடியக்காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில்
சூப்பர்வைசர் சொல்வார், ஒதுக்கு.
வாளி, தும்புத்தடி, நான்
மூன்றும் சுவரோரம் போவோம், டாக்டர் வருகிறார்.
இரண்டாம் வகுப்பில்
சிஸ்டர் மொனிட்டரிடம் சொன்னார்,
தோட்டத்துப் பிள்ளைகளை அங்கால ஒதுக்கு.
கடைசி வாங்கு, ஜன்னல் பக்கம், நல்ல காற்று.
இப்போது சேர் சொல்கிறார்
"இது உங்களுக்கெண்டே ஒதுக்கின இடம்."
இவர்களுக்குத் தமிழில்
வேறு சொல்லே அகப்படவில்லையா?

போமை வாங்கிப் பார்த்தேன்.
தொழில் என்ற இடத்தில் சமூக சேவகி.
முகவரி என்ற இடத்தில் ஜம்பட்டா வீதி,
அவருடைய தங்கச்சி வீடு.
"தோட்டத்து அட்ரஸ் வடிவா இருக்காது, அக்கா."

பேனாவைக் கேட்டேன்.
சமூக சேவகியை வெட்டினேன்.
ஆஸ்பத்திரி துப்புரவு, நாட்கூலி, என்று எழுதினேன்.
தங்கச்சி வீட்டையும் வெட்டினேன்.
எங்கள் இலக்கத்தில் ஒரு சரிவுக்கோடு இருக்கிறது,
நூற்றிரண்டின் கீழ் நாற்பத்தேழு.
அதைப் பெரிதாகப் போட்டேன்.

சேர் எழும்பிவிட்டார்.
"வெட்டின போமை அவங்கள் எடுக்க மாட்டாங்கள்."
பையில் இன்னும் மூன்று கிடப்பதை
நான் முதலே பார்த்திருந்தேன்.
"அப்ப புதுசில எழுதுங்க, சேர்.
நான் சொல்றன்."

அந்தக் கதிரையிலேயே திரும்ப உட்கார்ந்து
எழுதினார்.
துப்புரவு என்பதில் பகர உகரத்துக்கு
கொஞ்சம் யோசித்தார்.
டிலுக்‌ஷி எட்டிப் பார்த்து, சரி என்றாள்.

கடைசிக்கு முதல் பெயர் என்னுடையது.
எனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள்.
முகத்துவாரம் பக்கமாம்,
மீன் வெட்டுகிறவளாம்.
அவளிடமும் இதே சேர் போயிருப்பார்,
அதே கைக்குட்டையோடு.
அவள் போமில் என்ன எழுதியிருக்கிறதென்று
அவளுக்குத் தெரியுமோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.
பஸ்ஸுக்குச் சில்லறை
எடுத்து வைத்திருக்கிறேன்.